கருக்கலைப்புச் சட்டமும் கொங்கு நாட்டுக் குடும்பமும்

1971இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய மருத்துவ முறைக் கருக்கலைப்புச் சட்டம் 1972 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அதுவரை நாட்டில் இருந்தது 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம். அதன் 312ஆவது பிரிவின்படி, தாயின் உயிரைக் காப்பாற்றும் நல்லெண்ணத்தோடு செய்தாலொழிய, கருவைக் கலைத்தவருக்கு மூன்று ஆண்டு வரை சிறை. வயிற்றில் அசைவு தெரிந்த பிறகு கலைத்திருந்தால் ஏழாண்டு வரை. கலைத்துக்கொண்ட பெண்ணும் குற்றவாளிதான். புதிய சட்டம் அந்தப் பிரிவை நீக்கவில்லை. குறிப்பிட்ட காரணங்களுக்காக, தகுதி பெற்ற மருத்துவர், அனுமதி பெற்ற இடத்தில் செய்தால் அது குற்றமாகாது என்று விலக்கு மட்டும் அளித்தது. 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவிலும் 88ஆவது பிரிவாக அதே குற்றம் தொடர்கிறது. இந்தியாவில் கருக்கலைப்பு இன்றும் பெண்ணின் உரிமையாக எழுதப்படவில்லை. மருத்துவருக்குத் தரப்பட்ட பாதுகாப்பாகவே எழுதப்பட்டிருக்கிறது. நடைமுறையில் எழும் சிக்கல்களில் பாதிக்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

சட்டம் பிறந்த காலத்தை வைத்துப் பார்க்கும் பலர், மக்கள்தொகையைக் குறைக்கத்தான் அது வந்தது என்று நினைப்பதுண்டு. குடும்பக் கட்டுப்பாட்டுப் பிரசாரம் ஊரெங்கும் சுவரெழுத்தாக நின்ற காலம் அது. மக்கள்தொகை அறிஞரான எஸ். சந்திரசேகர் மத்திய அரசில் குடும்பக் கட்டுப்பாட்டுத் துறையின் பொறுப்பில் இருந்து இந்தச் சட்டத்துக்காக வாதாடினார். ஆனால் அதற்கு அடித்தளம் போட்டது, மகாராஷ்டிர சுகாதார அமைச்சர் சாந்திலால் ஷா தலைமையில் 1964இல் அமைக்கப்பட்ட குழு. 1966 டிசம்பரில் வந்த அதன் அறிக்கையின் கணக்குப்படி, 50 கோடி மக்கள் இருந்த நாட்டில் ஆண்டுக்கு 65 லட்சம் கருச்சிதைவுகள் நிகழ்ந்தன. அவற்றில் 39 லட்சம் வேண்டுமென்றே கலைக்கப்பட்டவை. சட்டம் தடுத்தும் அத்தனை பெண்கள் மருத்துவச்சியிடமும் நாட்டு வைத்தியரிடமும் போய்க்கொண்டிருந்தார்கள். அவர்களை மருத்துவமனைக்குள் கொண்டுவருவதே குழு முன்வைத்த வாதம். பிறப்பைக் குறைக்கும் கருவியாகக் கருக்கலைப்பை நம்பினால் கருத்தடைப் பழக்கம் பின்னுக்குப் போய்விடும் என்ற எச்சரிக்கையும் அந்த அறிக்கையில் உண்டு.

சட்டம் வந்தபோது கொங்கு நாடு ஏற்கெனவே சிறு குடும்பத்தின் பாதையில் வெகுதூரம் போயிருந்தது. ஈரோடு, திருப்பூர் மாவட்டங்கள் பிரியாத பழைய கோவை மாவட்டத்தை, தமிழ்நாட்டில் குழந்தைப் பேறு முதலில் குறையத் தொடங்கிய வட்டாரங்களில் ஒன்றாக மக்கள்தொகை ஆய்வாளர்கள் அடையாளம் காட்டியிருக்கிறார்கள். அதற்குக் காரணங்கள் பல. கிணற்றுப் பாசனத்தில் பருத்தியும் புகையிலையும் மஞ்சளும் விளைவித்த குடியானவக் குடும்பத்துக்குத் தோட்டம் துண்டாவது பெரும் பயம். ஐந்து ஏக்கரை நான்கு பிள்ளைகளுக்குப் பங்கிட்டால் ஒருவனுக்கும் கிணறு மிஞ்சாது. 1888இல் தொடங்கிய ஸ்டேன்ஸ் மில்லைத் தொடர்ந்து பஞ்சாலைகள் பெருகின. 1930களில் பைக்காரா மின்சாரம் வந்ததும் அவை ஊர்ப்புறத்துக்கும் பரவின. பிறகு பம்ப்செட் பட்டறைகள், திருப்பூர் பனியன் கம்பெனிகள். கூலி கையில் பணமாக வந்தபோது, பிள்ளையைப் படிக்க வைப்பது செலவு என்பதும் அந்தச் செலவு பின்னால் பலன் தரும் என்பதும் ஒருங்கே தெரிந்தன. வரதட்சணை பெருகியது இதை மேலும் முடுக்கிவிட்டது.

கருத்தளவிலும் இந்த மண் தயாராகவே இருந்தது. 1925 முதல் ஈரோட்டிலிருந்து வந்த குடிஅரசு இதழ், நாட்டில் பலரும் பேசக் கூசிய காலத்தில் கர்ப்பத்தடையைப் பற்றி எழுதியது. பிள்ளை பெறுவதா வேண்டாமா என்பதைப் பெண்ணின் விடுதலையோடு சேர்த்துப் பேசியதில்தான் பெரியாரின் தனித்தன்மை இருந்தது. மற்றவர்கள் நாட்டின் வறுமையையும் தாயின் உடல்நலத்தையும் காரணமாகச் சொன்னார்கள். பிறகு அரசு வந்தது. 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ஆர்.ஏ. கோபாலசுவாமி சென்னை மாநிலத்தின் தலைமைச் செயலாளராக ஆனதும், 1956இல் கருத்தடை அறுவை செய்துகொள்ளும் ஏழைகளுக்கு 30 ரூபாய் வரை தரும் திட்டம் தொடங்கியது. ஆக, கருக்கலைப்புச் சட்டத்துக்குப் பதினாறு ஆண்டு முன்பே ‘ஆபரேஷன் பண்ணிக்கறது’ என்ற பேச்சு கிராமத்துத் திண்ணைக்கு வந்துவிட்டது.

மாதிரிப் பதிவு அமைப்பின் கணக்கில், தமிழ்நாட்டில் ஒரு பெண் சராசரியாகப் பெறும் குழந்தைகளின் எண்ணிக்கை 1971இல் 3.9. 1990களின் தொடக்கத்திலேயே அது ஈடுசெய்யும் அளவான 2.1க்கு வந்துவிட்டது. 2020இல் 1.4. 2023இல் 1.3. இந்த வீழ்ச்சியில் கருக்கலைப்புச் சட்டத்தின் பங்கு எவ்வளவு? சிறிதளவே என்றுதான் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் பிள்ளைப் பேற்றை நிறுத்தியது பெண்களுக்கான கருத்தடை அறுவை. 2019–21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, மணமான பெண்களில் சுமார் 58 சதவீதத்தினர் அதைச் செய்துகொண்டவர்கள். மாத்திரை, காப்பர்-டி, ஆணுறை எல்லாம் சேர்ந்தாலும் அதன் பக்கத்தில்கூட வருவதில்லை. பெரும்பாலோர் இரண்டாவது பிரசவத்தோடு, பலர் அதே மருத்துவமனைப் படுக்கையில், இதை முடித்துவிடுகிறார்கள்.

அப்படியானால் கலைக்கப்படும் கருக்களின் எண்ணிக்கை? 2015ஆம் ஆண்டுக்காக ஆறு மாநிலங்களில் நடத்தப்பட்டு 2018இல் வெளியான விரிவான ஆய்வு ஒன்று தமிழ்நாட்டில் ஓராண்டில் ஏறத்தாழ 7 லட்சம் கருக்கலைப்புகள் நடந்ததாக மதிப்பிட்டது. பிள்ளை பெறும் வயதிலுள்ள 1000 பெண்களுக்கு 33. ஆறு மாநிலங்களில் இதுவே குறைவு. உத்தரப் பிரதேசத்தில் 61. 7 லட்சம் என்பது சிறிய எண் இல்லை. ஆனாலும் அதை அப்படியே பிறக்காத 7 லட்சம் குழந்தைகள் என்று எண்ணுவது தவறு. முதல் குழந்தைக்கு ஒன்பது மாதம்கூட ஆகாத நிலையில் மறுபடி நாள் தள்ளிப்போன பெண் அந்தக் கருவைக் கலைக்கிறாள். மூன்று ஆண்டு கழித்து இரண்டாவது குழந்தையைப் பெற்று அறுவை செய்துகொள்கிறாள். கலைக்க முடியாமல் போயிருந்தால் இரண்டாவது குழந்தை முன்னதாகப் பிறந்திருக்கும், அறுவையும் முன்னதாக நடந்திருக்கும். இரண்டு கணக்கிலும் குழந்தைகள் இரண்டுதான். மாறுவது இடைவெளி மட்டுமே. கொங்குப் பகுதிபோல் ‘ஒண்ணு போதுமுங்க’ என்று முடிவெடுத்துவிட்ட இடங்களில் கருக்கலைப்பு அந்த முடிவைக் காப்பாற்றும் கடைசி வழியாக இருக்கிறது. முடிவை உண்டாக்குவது அதுவல்ல.

மற்ற நாடுகளின் அனுபவமும் இதையே காட்டுகிறது. ருமேனியாவில் சௌசெஸ்கு அரசு மக்கள்தொகையைப் பெருக்குவதற்காக 1966 அக்டோபரில் 770ஆம் ஆணையைப் போட்டுக் கருக்கலைப்பைத் தடை செய்தது. கருத்தடைச் சாதனங்களும் கிடைக்காமல் போயின. 1966இல் 2.7 லட்சமாக இருந்த பிறப்புகள் மறு ஆண்டே 5.3 லட்சமாகின. ஒரு நாட்டின் பிறப்பு ஓராண்டில் இரட்டிப்பாவது அரிதிலும் அரிது. ஆனால் தடை நீங்காமலேயே, 1980களின் தொடக்கத்தில் ஒரு பெண்ணுக்கு இரண்டு குழந்தை என்ற பழைய அளவுக்கு அது இறங்கிவிட்டது. தடைக்குத் தப்பும் வழிகளைப் பெண்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். அமெரிக்காவில் 2022 ஜூனில் உச்ச நீதிமன்றம் கருக்கலைப்பு உரிமையை ரத்து செய்த பிறகு தடை விதித்த மாநிலங்களில் பிறப்பு ஏறத்தாழ 2 சதவீதம் கூடியதாக ஆய்வுகள் சொல்கின்றன. வேறு மாநிலத்துக்குப் பயணம் செய்யப் பணமில்லாத ஏழைப் பெண்கள்தான் இந்த 2 சதவீதத்தில் அதிகம். மறுதிசையில், 1948இல் கருக்கலைப்பை அனுமதித்த ஜப்பானில் 1947இல் 4.5ஆக இருந்த குழந்தை எண்ணிக்கை பத்தே ஆண்டில் 2 ஆனது. கருத்தடைச் சாதனங்கள் பரவாத நாட்டில், சிறு குடும்பத்துக்கான விருப்பம் வேகமாகப் பரவும்போது, கருக்கலைப்பே முதன்மைக் கருவியாகிவிடுகிறது.

பக்கத்திலுள்ள இலங்கையின் கதை இன்னும் பொருத்தமானது. அங்கே 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக் கோவையின் 303ஆவது பிரிவு, தாயின் உயிருக்கு ஆபத்து என்றாலொழியக் கருக்கலைப்பை இன்றும் குற்றமாக வைத்திருக்கிறது. வன்புணர்ச்சிக்குக்கூட விலக்கு இல்லை. இருந்தும் அங்கே குழந்தை எண்ணிக்கை இரண்டுக்கு அருகில்தான் இருக்கிறது. நாளொன்றுக்குச் சுமார் 650 சட்டவிரோதக் கருக்கலைப்புகள் நடப்பதாக 1990களின் மதிப்பீடு ஒன்று கூறியது. கடுமையான சட்டத்தோடு குறைந்த பிறப்பும், தளர்ந்த சட்டத்தோடு உயர்ந்த பிறப்பும் உலகில் உண்டு.

இது இன்றைய தமிழ்நாட்டு அரசியலுக்கும் பொருந்தும். நாடாளுமன்றத் தொகுதி மறுவரையறையில் இடங்கள் குறையும் என்ற கவலையில், அப்போது முதலமைச்சராக இருந்த மு.க. ஸ்டாலின் 2024 அக்டோபரில் ஒரு திருமண விழாவில், பதினாறு பிள்ளை பெற்றால் என்ன என்று எண்ணும் நிலை வந்துவிட்டதோ எனும் தொனியில் பேசினார். 2025 மார்ச்சில் புதுமணத் தம்பதியர் உடனே குழந்தை பெற்றுக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். ஆந்திரத்தில் சந்திரபாபு நாயுடுவும் இதே பாட்டைப் பாடினார். இவர்கள் யாரும் கருக்கலைப்பைக் கட்டுப்படுத்தச் சொல்லவில்லை. ஆனால் பிறப்பைக் கூட்ட வேண்டும் என்ற பேச்சு நீண்ட நாடுகள் சிலவற்றில் அரசின் கை கருக்கலைப்புச் சட்டத்தின் மேல் நீண்டிருக்கிறது. பள்ளிக் கட்டணம், மில்லிலும் பனியன் கம்பெனியிலும் ஷிப்ட் பார்க்கும் பெண்ணுக்குப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் இடம், வீட்டு வாடகை ஆகியவற்றில் கை வைப்பது செலவுள்ள வேலை.

பிறப்பு விகிதத்தில் சட்டம் செய்வது கொஞ்சம்தான் என்றால், தாயின் உயிர் விஷயத்தில் அது செய்வது ஏராளம். சட்டத்துக்கு முந்தைய காலத்தில் தமிழகக் கிராமங்களில் பரவலாக இருந்த முறை எருக்கங்குச்சி. பால் வடியும் எருக்கங்குச்சியைக் கருப்பை வாய்க்குள் செலுத்தி வைப்பார்கள். பாலின் காரத்தால் கருப்பை சுருங்கி, ஓரிரு நாளில் உதிரப்போக்கு தொடங்கும். கரு முழுவதும் வெளியேறிவிட்டால் பெண் தப்பினாள். ஒரு துணுக்கு உள்ளே தங்கினால் உதிரம் நிற்காது. தங்கிய துணுக்கு அழுகி, கிருமி இரத்தத்தில் ஏறினால் குளிர்க்காய்ச்சல், பிறகு சிறுநீரகம் செயலிழப்பு. குச்சி கருப்பைச் சுவரைக் குத்திவிட்டால் குடல்வரை சேதம். மண் பட்ட குச்சியால் வில்வாத ஜன்னியும் வரும். பிழைத்தவர்களில் பலருக்குக் கருக்குழாய் அடைத்துக்கொண்டு பின்னர் குழந்தையே இல்லாமல் போனது. பப்பாளிக் காய், எள், வெல்லம் போன்றவை பெரும்பாலும் பயனற்றவை. அவற்றை நம்பி நாளைக் கடத்தியதுதான் அவை செய்த தீமை, ஏனென்றால் கரு வளர வளர ஆபத்தும் வளரும்.

மருத்துவமனையில் அதே வேலை எப்படி நடக்கிறது என்பதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு புரியும். பன்னிரண்டு வாரத்துக்கு உட்பட்ட கருவைக் கையால் இயக்கும் உறிஞ்சு குழல்கொண்டு சில நிமிடங்களில் எடுத்துவிடலாம். பெரிய ஊசி போன்ற பிளாஸ்டிக் கருவி அது. மின்சாரம் வேண்டாம், முழு மயக்க மருந்து வேண்டாம், பயிற்சி பெற்ற எம்.பி.பி.எஸ். மருத்துவர் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே செய்யலாம். ஊரில் எல்லாவற்றுக்கும் ‘டி அண்ட் சி’ என்றே பெயர். ஆனால் கருப்பையைச் சுரண்டி எடுக்கும் அந்தப் பழைய முறையைக் கைவிடும்படி உலக சுகாதார நிறுவனம் வெகுகாலமாகவே சொல்லி வருகிறது. இருந்தும் பல இடங்களில் அது ஓயவில்லை.

சட்டம் மாறியபோது சாவு எவ்வளவு குறைந்தது என்பதற்கு மறுக்க முடியாத சான்று மறுபடியும் ருமேனியாதான். 1989இல் அங்கே 1 லட்சம் உயிர்ப்பிறப்புக்கு 159 தாய்மார் இறந்தார்கள். ஐரோப்பாவில் அதுவே உச்சம். அவர்களில் பெரும்பாலோர் கருக்கலைப்பால் இறந்தவர்கள். சௌசெஸ்கு வீழ்ந்து சில நாளில், டிசம்பர் 26 அன்று, தடை நீங்கியது. 1990இல் அந்த எண் 83. ஓராண்டில் அங்கே புதிய மருத்துவமனைகள் முளைத்துவிடவில்லை, சட்டம்தான் மாறியது. தென்னாப்பிரிக்காவில் 1997இல் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்த பின் சில ஆண்டுகளில் கருக்கலைப்பு மரணங்கள் 91 சதவீதம் குறைந்தன. கருவைக் கலைத்ததற்காகப் பெண்களைச் சிறையில் அடைத்து வந்த நேபாளம் 2002இல் சட்டத்தை மாற்றியது. அயர்லாந்தில் 2012இல் பெலகாவியைச் சேர்ந்த பல் மருத்துவர் சவிதா ஹாலப்பனவர், கரு தங்காது என்று தெரிந்தும் அதன் இதயத் துடிப்பு நிற்கும்வரை காத்திருக்க வைக்கப்பட்டு, இரத்தத்தில் கிருமி ஏறி இறந்தார். 2018இல் அந்நாட்டு மக்கள் வாக்களித்து அரசியல் சட்டத்தையே மாற்றினார்கள்.

இந்தியாவில் மாற்றம் அத்தனை வேகமாக வரவில்லை. சட்டம் வந்து முப்பது ஆண்டு கழிந்த பின்பும், 2001–03 காலத்துத் தாய்மை மரணங்களில் 8 சதவீதம் கருக்கலைப்பால் நேர்ந்ததாக மாதிரிப் பதிவு அமைப்பு கண்டது. சட்டம் அனுமதித்த இடத்தில் மருத்துவர் இல்லை. மருத்துவர் இருந்த இடத்தில் அனுமதி இல்லை. இரண்டும் இருந்த இடத்தில் ரகசியம் இல்லை. தமிழ்நாடு இதில் நாட்டின் பொதுநிலையைவிட மேல். 2001–03இல் 1 லட்சம் பிறப்புக்கு 134ஆக இருந்த தாய்மை மரணம் 2018–20இல் 54 ஆனது. அதே காலத்தில் இந்தியச் சராசரி 301இலிருந்து 97. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரவும் பகலும் செவிலியர், 1990களிலேயே தொடங்கிய தாய்மை மரணத் தணிக்கை, மருந்துத் தட்டுப்பாட்டைப் போக்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், அறுவையும் இரத்தமும் எந்நேரமும் கிடைக்கும் அவசரப் பேறுகால மையங்கள், 2008இல் வந்த 108 வண்டி ஆகியவை சேர்ந்து செய்த வேலை இது. வால்பாறை எஸ்டேட்டில் உதிரம் கொட்டும் பெண்ணை ஆழியாறு மலைப்பாதையின் நாற்பது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து பொள்ளாச்சிக்கோ கோவைக்கோ சேர்க்கும் வண்டி, கருக்கலைப்பால் வந்த உதிரமா பிரசவத்தால் வந்ததா என்று பார்ப்பதில்லை. பிள்ளைப் பேறு குறைந்ததும் ஒரு காரணம். ஐந்தாவது, ஆறாவது பிரசவங்களில் தாயின் உயிருக்கு ஆபத்து அதிகம். கொங்கில் அவை ஏறத்தாழ மறைந்துவிட்டன.

இந்தியாவில் 2002இல் கருவைக் கலைக்கும் மிஃபெப்ரிஸ்டோன் மாத்திரைக்கும், 2008இல் அதை மிசோப்ரோஸ்டலோடு சேர்த்த ஒரே அட்டைக்கும் அனுமதி கிடைத்தது. ஒன்பது வாரத்துக்கு உட்பட்ட கருவுக்குச் சரியாகப் பயன்படுத்தினால் மிகவும் பாதுகாப்பானது. மேலே சொன்ன ஆய்வின்படி 2015இல் இந்தியாவில் நடந்த 1.56 கோடி கருக்கலைப்புகளில் 73 சதவீதம் மருத்துவமனைக்கு வெளியே மாத்திரையால் நடந்தவை. எருக்கங்குச்சியைச் சட்டத்தைவிட இந்த மாத்திரையே அதிகம் விரட்டியது என்று துணிந்து சொல்லலாம். ஆனால் தமிழ்நாட்டில் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் கண்காணிப்பு கடுமை. 2020இல் வெளியான ஓர் ஆய்வு, இங்கே மிகச் சொற்பமான மருந்துக்கடைகளே இதை வைத்திருப்பதாகக் கண்டது. மருத்துவர் சீட்டோடு போனாலும் பல கடைகளில் இல்லை என்பார்கள். பாலினத் தேர்வுக்குப் பயன்படும் என்ற அச்சம் இதற்கு ஒரு காரணம். மருத்துவக் கணக்கில் அந்த அச்சத்துக்கு இடமில்லை. ஒன்பது வாரக் கரு ஆணா பெண்ணா என்று ஸ்கேனில் தெரியாது.

பாலினத் தேர்வு கொங்கின் மறைக்க முடியாத பகுதி. அண்டையிலுள்ள சேலத்தில் 2001 கணக்கெடுப்பின்போது ஆறு வயதுக்கு உட்பட்ட 1000 ஆண் குழந்தைகளுக்கு 851 பெண் குழந்தைகளே இருந்தன. நாமக்கல்லில் 889. மாநிலச் சராசரி 942. பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992இல் ஜெயலலிதா அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைச் சேலத்தில்தான் தொடங்கியது. ஸ்கேன் வந்த பின் பிறந்த பிறகு கொல்வது குறைந்து, பிறக்கும் முன்பே கலைப்பது கூடியது. ஒரு குழந்தையோடு நிறுத்தும் குடும்பத்தில் அந்த ஒன்று ஆணாக இருக்க வேண்டும் என்ற நெருக்கடி அதிகம். சிறு குடும்பத்தின் இருண்ட பக்கம் இது. 1994இல் இயற்றப்பட்ட பாலினத் தேர்வுத் தடைச் சட்டம் கருவின் பாலினத்தைக் கண்டறிவதையும் சொல்வதையும் குற்றமாக்கியது. 2011இல் நாமக்கல் 914க்கு ஏறியது. ஆனால் முந்தைய தலைமுறையில் பிறக்காமல் போன பெண்களின் கணக்கு கல்யாணச் சந்தையில் வந்து நின்றது. முப்பத்தைந்து வயதாகியும் பெண் கிடைக்காத தோட்டக்கார மாப்பிள்ளைகளுக்குப் பாலக்காட்டுப் பக்கமிருந்து பெண் எடுப்பது கொங்கில் இன்று சாதாரணச் செய்தி. ஐம்பது ஆண்டு முன்பு இதைச் சொல்லியிருந்தால் எந்தக் கவுண்டர் வீட்டிலும் நம்பியிருக்க மாட்டார்கள்.

கருக்கலைப்புச் சட்டத்தையும் பாலினத் தேர்வுத் தடைச் சட்டத்தையும் போட்டுக் குழப்பிக்கொள்வது மருத்துவமனை வாசலில் அன்றாடம் நடக்கிறது. ‘கருக்கலைப்பு சட்டப்படி குற்றம்’ என்று தவறாக எழுதிய பலகைகள்கூட இந்தியாவில் பல இடங்களில் தொங்கின. உண்மையில் பதினெட்டு வயது நிரம்பிய பெண்ணின் கையெழுத்து ஒன்றே போதும். கணவனின் ஒப்புதலைச் சட்டம் கேட்கவில்லை. இருந்தும் ‘வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாம்மா’ என்று திருப்பி அனுப்புவது ஓயவில்லை. ‘ரெண்டு இருக்கில்ல, ஆபரேஷனும் பண்ணிக்க’ என்ற நிபந்தனையும் அப்படியே. செங்கல்பட்டு வட்டாரக் கிராமங்களில் நடந்து 2004இல் வெளியான ஆய்வு ஒன்று, மணமான பெண்கள் கருவைக் கலைப்பதற்குக் கணவனின் கட்டாய உறவும் ஒரு காரணம் என்று காட்டியது. அந்தக் கணவனின் கையெழுத்தைக் கேட்பதன் பொருள் என்ன என்று அப்போதாவது யோசித்திருக்க வேண்டும். பதிவேடும் ஒரு தயக்கம். தமிழ்நாட்டில் கருவுற்றதும் கிராம சுகாதாரச் செவிலியரிடம் பதிந்து பிக்மி எண் பெற வேண்டும். பிறப்புச் சான்றுக்கும், பேறுகால உதவி தரும் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்துக்கும் அது தேவை. தாயைக் காப்பதில் இந்தப் பதிவுக்குப் பெரும் பங்குண்டு. ஆனால் பதிந்த பிறகு மனம் மாறும் பெண்ணுக்குப் பதில் சொல்ல வேண்டிய கேள்விகள் காத்திருக்கும். அதனால்தான் கோபியிலிருந்து ஈரோட்டுக்கும், உடுமலையிலிருந்து கோவைக்கும், ஆள் தெரியாத ஊர் தேடிப் பெண்கள் பஸ் ஏறுகிறார்கள்.

2021இல் சட்டம் திருத்தப்பட்டது. 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும். வன்புணர்ச்சிக்கு உள்ளானவர், பதினெட்டு நிரம்பாதவர், கருவுற்ற பின் விதவையானவர் அல்லது மணவிலக்கு பெற்றவர், மாற்றுத்திறனாளிகள் போன்றோருக்கு இரண்டு மருத்துவர்களின் கருத்தோடு 24 வாரம் வரை. சட்டத்தில் ‘மணமான பெண் அல்லது அவள் கணவன்’ என்று இருந்த இடம் ‘பெண் அல்லது அவள் துணைவர்’ என்று மாறியது. 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம், 20 முதல் 24 வாரம் வரையிலான வாய்ப்பு மணமாகாத பெண்ணுக்கும் உண்டு என்று தீர்ப்பளித்தது. பஞ்சாலை விடுதிகளிலும் பனியன் கம்பெனி விடுதிகளிலும் பல்லாயிரம் மணமாகாத இளம்பெண்கள் வாழும் கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களுக்கு இது ஏட்டுத் தீர்ப்பு இல்லை. வெளியே போகவே அனுமதிச் சீட்டு வாங்க வேண்டிய விடுதிகள் உண்டு. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பெண்ணுக்கு மொழியும் தெரியாது. நாள் தள்ளிப்போனது உறுதியாகி, யாரிடமாவது சொல்லத் துணிந்து, மருத்துவரைப் பார்ப்பதற்குள் நான்கு மாதம் ஓடிவிடுகிறது.

பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர் என்றால், சிறாரைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்க வந்த போக்சோ சட்டம் குறுக்கே வருகிறது. மருத்துவர் காவல்துறைக்குத் தகவல் சொல்லியே ஆக வேண்டும். காதலித்தவனோ, சிறு வயதில் கட்டி வைக்கப்பட்ட கணவனோ சிறைக்குப் போவான் என்ற பயத்தில் சிறுமியின் குடும்பம் மருத்துவமனைப் பக்கமே வருவதில்லை. கருவைக் கலைக்கக் கேட்கும் சிறுமியின் பெயரையும் அடையாளத்தையும் அந்தத் தகவலில் வெளியிட வேண்டியதில்லை என்று 2022 தீர்ப்பு சொல்லியிருக்கிறது. தீர்ப்பின் இந்தப் பகுதியைப் பல மருத்துவர்களே அறிந்திருக்கவில்லை.

24 வாரத்துக்கு மேல் கருவில் பெரும் குறைபாடு தெரியவந்தால் மருத்துவ வாரியத்திடம் போக வேண்டும். குழந்தையின் உறுப்புகளைப் பார்க்கும் ஸ்கேன் வழக்கமாக 18 முதல் 20 வாரத்தில் எடுக்கப்படுகிறது. தாளவாடியிலோ பர்கூர் மலையிலோ இருப்பவருக்கு அந்த ஸ்கேன் தேதி கிடைப்பதே தாமதம். அதில் சந்தேகம் வந்தால் நகரத்தில் இன்னொரு ஸ்கேன். இதயக் கோளாறு என்றால் அதற்குரிய நிபுணர். அதற்குள் வாரங்கள் கடந்துவிடுகின்றன. விண்ணப்பம் வந்த மூன்று நாளுக்குள் வாரியம் கருத்துச் சொல்ல வேண்டும், அனுமதித்தால் ஐந்து நாளுக்குள் கருக்கலைப்பு நடந்திருக்க வேண்டும் என்று 2021 விதிகள் கெடு வைத்திருக்கின்றன. மலையிலிருந்து இறங்கி வாரியத்தின் முன் வந்து நிற்பதற்கு ஆகும் நாட்கள் அந்தக் கெடுவில் சேராது.